நாற்பதில் நின்ற முள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்த குறுஞ்செய்தியை சைமன் பதினோரு முறை படித்தார். பன்னிரண்டாவது முறை மனைவி ஜெபராணியைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

அதில் அவருடைய காரின் எண் சரியாக இருந்தது. குற்றம், அதிவேகம். பதிவான வேகம், மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர். படத்தையும் மற்ற விவரங்களையும் பார்க்க ஒரு லிங்க். தேதி இல்லை, இடம் இல்லை.

"அறுபத்தெட்டுங்களா?" என்றார் ஜெபராணி. "நம்ம வண்டியா?"

"நம்ம வண்டிதான்."

"உங்ககூட வந்தா, சைக்கிள்ல போறவன் நம்மளத் தாண்டிப் போயிட்டு, ஏதாச்சும் ஒதவி வேணுமான்னு நின்னு கேக்கறான். இது வேற யாரோ வண்டியா இருக்குமுங்க."

"நம்பர் நம்முது, ஜெபா."

சைமன் கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷர் மீட்டரோ மைக்ரோமீட்டரோ, அவர் கையெழுத்து இல்லாமல் பட்டறைக்குள் போனதில்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் கஷாயம் போட அனுமதி கிடைக்கும். ஜெபராணிக்கு ஒருமுறை அனுமதி கிடைப்பதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது.

அவருடைய கார் 1971 மாடல் அம்பாசடர். மில் மேனேஜர் ஒருவரிடம் வாங்கி நாற்பது வருஷம் ஆகிறது. அந்த நாற்பது வருஷத்தில் வேகமானியின் முள் ஒருநாளும் நாற்பதைத் தாண்டியதில்லை. தாண்டுகிறவர்களை சைமன் ஒழுக்கம் கெட்டவர்கள் வரிசையில் வைத்திருந்தார். அந்த வரிசையில் மகள் லின்சியைக் கட்டிய சொந்த மாப்பிள்ளையும் இருந்தார்.

சாதாரண நாளாக இருந்தால் இந்தக் குறுஞ்செய்திக்கு இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை புனித கிறிஸ்தோபர் திருநாள். அவர் பயணிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் பாதுகாவலர். அன்று பூசை முடிந்ததும் பங்கு மக்களின் வண்டிகளையெல்லாம் கோயில் வளாகத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி மந்திரிப்பார். அந்தப் பங்கான சௌரிபாளையத்துக்காரர்கள் புதிதாக வாங்கிய ஸ்கூட்டரைக்கூட அந்த நாள் வரைக்கும் பொறுத்திருந்து மந்திரித்த பிறகுதான் வெளியூருக்கு எடுப்பார்கள்.

இந்த வருஷம் பங்குத்தந்தை கிளமென்ட் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வழக்குகூட இல்லாமல் வண்டி ஓட்டியவர்களில் மூத்தவருக்குப் பொன்னாடை. சைமனுக்கு நாற்பது வருஷம். அடுத்தபடியாக லாரிக்கார மரியஅந்தோணிக்கு முப்பத்தெட்டு. இரண்டு ஞாயிறாகப் பூசையில் சைமன் பெயரை அறிவித்தும் ஆகிவிட்டது.

சைமனுக்கு வாழ்க்கையில் பெரிதாக எதுவும் கிடைத்ததில்லை. கம்பெனியில் பதவி உயர்வு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் பக்கத்து மேஜைக்குப் போய்விட்டது. பங்கு சபைத் தேர்தலில் நின்று ஒன்பது ஓட்டு வாங்கினார். அதில் எட்டுப் பேர் யார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பொன்னாடைதான் ஊர் அவருக்குக் கொடுக்கும் முதல் மரியாதை. அதை அவர் மிகவும் விரும்பினார். விரும்புவதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக மூன்று வாரமாக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த லிங்க்க அமுத்தித்தான் பாருங்களேன்," என்றார் ஜெபராணி.

"எந்த லிங்க்கையும் தொடாதீங்கன்னு லின்சி படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா. தொட்டா பேங்க்ல இருக்கறது அத்தனையும் போயிடுமாம்."

"அப்ப போலீஸ்காரங்ககிட்ட நேர்ல போய்க் கேளுங்க."

"திருநாளுக்கு ஆறு நாள் இருக்கறப்ப நான் போலீஸ் வாசப்படியில நிக்கறத நம்ம பங்குக்காரர் ஒருத்தர் பாத்தாப் போதும்."

சைமன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார்.

"நான் நாப்பதத் தாண்டலை. கேமரா அறுபத்தெட்டுங்குது. ரெண்டுல ஒண்ணு தப்பு. கேமராவ வருஷா வருஷம் சோதிச்சு முத்திரை போட்டிருப்பாங்க. நம்ம மீட்டர அம்பது வருஷமா ஒருத்தரும் சோதிக்கலை."

"அதனால?"

"மீட்டர் பொய் சொல்லுது, ஜெபா. அத நிரூபிச்சுட்டா நான் தெரிஞ்சு பண்ணலைன்னு ஆயிடும்."

கணபதியில் பட்டறை வைத்திருக்கும் காளிச்சாமிதான் அந்தக் காரை இருபது வருஷமாகப் பார்க்கிறவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, செல்போனில் வேகம் காட்டும் ஆப்பைப் போட்டு டேஷ்போர்டில் சாய்த்து வைத்து, சத்தி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"முள்ளு நாப்பதுல நிக்கறப்ப போனு முப்பத்தொம்பது காட்டுதுங்க. தங்கமான மீட்டருங்க. இந்தக் காலத்து வண்டியில இப்படி வராதுங்க."

சைமன் அந்தப் போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் போனைக் கடைசியா எப்பச் சோதிச்சீங்க?"

"சோதிக்கறதுங்களா? சார்ஜ் போடுவேனுங்க."

"சோதிக்காத கருவி சொல்றத வச்சு ஒரு முடிவுக்கு வரக் கூடாது, காளிச்சாமி. மீட்டர் சரின்னா நான் அறுபத்தெட்டுல போயிருக்கேன்னு ஆகுது. போயிருப்பேன்னு நெனைக்கறீங்களா?"

"அய்யோ, நீங்க போவீங்களா."

"அப்ப மீட்டர்ல கோளாறு."

காளிச்சாமி காரைப் பார்த்தார், சைமனைப் பார்த்தார். மீட்டரில் கோளாறு இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வயசில் மூத்தவர் ஒருவர் பட்டறை வாசலில் நின்று, கோளாறு இருக்கிறது என்று சொல்லும்போது, இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினால் அது என்ன மரியாதை? அப்படிச் சொல்வதைவிட ஒரு கோளாறைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"நீங்க சொன்னாக் கோளாறாத்தானுங்க இருக்கும்," என்றார். "போன மாசம் கிளட்ச் போயி ஓடாத வண்டிய இங்க ஏத்திட்டு வந்தப்பவே பாத்திருக்கோணும். உட்டுப்போட்டேன். கேபிளா இருக்குமுங்க."

நன்றாக இருந்த கேபிளைக் கழற்றிவிட்டுப் புதுக் கேபிள் போட்டார். பழைய அளவில் இப்போது கிடைப்பதில்லை என்பதால் அது ஒரு சாண் கூடுதல் நீளம். மிச்சத்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் மடித்துத் திணித்தார்.

செவ்வாய்க்கிழமை ஜெபராணியைப் பக்கத்தில் உட்காரவைத்து சைமன் சோதனைக்குக் கிளம்பினார். வண்டி நகர்ந்ததும் முள் எழுந்தது. எழுந்து இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவில் ஆட ஆரம்பித்தது. சைமன் அசரவில்லை. ஆடும் கருவியில் பத்து முறை அளவெடுத்துச் சராசரி போட வேண்டும் என்பது அவர் தொழிலில் படித்த பாடம். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்ட, ஜெபராணி நோட்டும் பேனாவுமாக முள்ளைப் பார்த்து எழுதினார்.

"இருபத்தஞ்சு. அம்பத்தெட்டு. முப்பது. ஏனுங்க, நாம சிக்னல்ல நிக்கறோமுங்க, இப்பவும் எழுதோணுமா?"

"நிக்கறப்ப எவ்வளவு காட்டுது?"

"பதினெட்டு."

சைமன் திரும்பவும் கணபதிக்கு வண்டியை விட்டார்.

"ஆடுதுங்களா?" என்றார் காளிச்சாமி. கேபிளை மடித்ததுதான் காரணம் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் அந்தக் கேபிளைப் போட்டது அவரேதான். அதனால் குறையை வேறு இடத்தில் தேடினார். "எண்ணெ பத்தலீங்க. உள்ள ரெண்டு சொட்டு உட்டாச் சாந்தமாயிடும்."

இரண்டு சொட்டு என்று ஆரம்பித்தது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஆனால் சொன்னபடியே முள் சாந்தமானது. வீட்டுக்குப் போகும் வழியில் மெதுவாக ஏறி, நாற்பதில் வந்து, அசையாமல் நின்றது. சைமனுக்கு அப்படியொரு நிம்மதி. வீட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்து பார்த்தார். முள் நாற்பதிலேயே இருந்தது.

புதன்கிழமை காலையிலும் அது நாற்பதில்தான் இருந்தது.

"போர்டிகோவுல நின்னபடியே நாப்பதுல போகுதுங்க," என்றார் ஜெபராணி. "கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. இந்த மாதிரி மீட்டரத்தானுங்க நீங்க தேடுனது?"

சைமனுக்கு ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

இனிமேல் தன் கைக்கு அடங்காது என்று காளிச்சாமி அவரைப் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் சுந்தரராஜுலு நாயுடுவிடம் கூட்டிப்போனார். சுந்தரராஜுலு அதிகம் பேசாதவர். மீட்டரைக் கழற்றி எண்ணெயைத் துடைத்து உலரவைத்தார். கேபிளின் மிச்சத்தை வெட்டி, நுனியைப் பற்றவைத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார். வியாழக்கிழமை மத்தியானம் முள் பழையபடி ஒழுங்காக எழுந்து ஒழுங்காக இறங்கியது.

"மீட்டரு சுத்தமா இருக்குதுங்க," என்றார். "ஒரு கொறையும் இல்லீங்க."

கதை அந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டியது.

"கொறை இருந்தாகணும், நாயுடு," என்றார் சைமன். சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். "இது நாப்பது காட்டறப்ப நெசமான வேகம் அறுபத்தெட்டு. அறுபத்தெட்ட நாப்பதால வகுத்தா ஒண்ணு புள்ளி ஏழு. இந்த ஒண்ணு புள்ளி ஏழு எங்கயோ ஒளிஞ்சிருக்குது. கியர்பாக்ஸ்ல இருந்து கேபிளச் சுத்தற பல்சக்கரத்தக் கழட்டுங்க. எத்தன பல்லுன்னு எண்ணுங்க."

கழற்றி எண்ணினார்கள். பதினேழு.

சைமன் தாளில் எழுதினார். பதினேழைப் பத்தால் வகுத்தார். எழுதிய விடையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் போட்டுக்கொண்டு ஒருமுறையும் பார்த்தார். ஒன்று புள்ளி ஏழு.

"பத்துப் பல்லு இருக்க வேண்டிய எடத்துல பதினேழு போட்டிருக்காங்க," என்றார். இவ்வளவு அச்சாகப் பொருந்துகிற கணக்கு தவறாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. அதனால் அது சரியான கணக்கு என்று முடிவு செய்தார்.

பத்துப் பல் சக்கரம் எந்தக் கடையிலும் கிடைக்காது என்றார் காளிச்சாமி. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கோயம்புத்தூரில் லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், ஒரு பாகம் கடையில் கிடைக்காது என்று சொன்னால் அவர் அப்புறம் சாப்பிடக்கூடப் போக மாட்டார். அந்தப் பாகம் தேவையா என்கிற கேள்வியெல்லாம் அவருக்கு ஞாபகம் வராது. சுந்தரராஜுலு ஏற்கெனவே பித்தளை உருளை ஒன்றைத் தேடி எடுத்திருந்தார்.

"பல்லு கம்மியானா சக்கரம் சிறுசாப் போயிடுமுங்க," என்றார். "அச்சக் கொஞ்சம் தள்ளி வச்சு ஒரு புஷ் வளையம் அடிச்சுப்போடலாம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக்கரம் தயாரானது. அவ்வளவு அழகான வேலை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். காளிச்சாமியின் போன் நாற்பது காட்டியபோது முள் அறுபத்தெட்டில் நின்றது. ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை.

"பாத்தீங்களா," என்றார் சைமன். "கேமரா சொன்னது அதேதான்."

சுந்தரராஜுலு காளிச்சாமியைப் பார்த்தார். காளிச்சாமி குனிந்து பின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு பேருமே மரியாதை தெரிந்தவர்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது சைமன் முள்ளை நாற்பதுக்கு மேல் விடவில்லை. கார் கிட்டத்தட்ட நடந்து போனது. பின்னால் டவுன் பஸ் ஒன்று, அதற்குப் பின்னால் காலேஜ் பஸ் மூன்று, அதற்கும் பின்னால் என்ன ஏது என்று தெரியாமல் ஹாரன் அடிக்கும் பீளமேடு முழுவதும். டவுன் பஸ் கண்டக்டர் ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கி, சாவகாசமாக நடந்து வந்து, ஜன்னலோரம் குனிந்தார்.

"ஏனுங்க, பெட்ரோல் தீந்துபோச்சுங்களா? தள்ளி உடட்டுங்களா?"

"நான் நாப்பதுல போயிட்டிருக்கேன்," என்றார் சைமன்.

"அப்புடீங்களா," என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து பார்த்தார்.

வீட்டு கேட்டுக்குள் வண்டியை நிறுத்திய பிறகுதான் சைமனுக்கு அந்த எண்ணம் வந்தது. இன்ஜினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜெபராணி வந்து எட்டிப் பார்த்தார். சைமன் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"ஏனுங்க, நெஞ்சு வலிக்குதுங்களா?"

"ஜெபா, இப்ப மீட்டர் சரின்னா, இதுக்கு முன்னாடி தப்பு."

"அதைத்தானுங்க நிரூபிக்கறேன்னு ஒரு வாரமா அலையறீங்க."

"ஒரு நாளு ரெண்டு நாளு தப்பில்ல. நாப்பது வருஷமும் தப்பு. நாப்பது வருஷமா நான் அறுபத்தெட்டுலதான் போயிருக்கேன்." அவருக்குக் கண் கலங்கியது. "லின்சி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேனே. பச்சைக் கொழந்தையோட. அறுபத்தெட்டு."

"அன்னைக்கு மூணு கிலோமீட்டரு வாரதுக்கு முக்கா மணி நேரம் ஆச்சுங்க. நடுவுல ரெண்டு தடவ பால் குடுத்தேன்."

"எந்தக் கடியாரத்துல பாத்தே?"

"எங்கப்பா சீதனமாக் குடுத்த கடியாரத்துலதான்."

"அத யாரு சோதிச்சாங்க?" என்றார் சைமன்.

ஜெபராணி உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார் சைமன். கையில் தாள் இருந்தது. மறைப்புக்கு அந்தப் பக்கம் பங்குத்தந்தை கிளமென்ட் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"சாமி, நான் வேக வரம்ப மீறியிருக்கேன்."

"சரி. எத்தனை முறை?"

"இருபத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது முறை, சாமி. வாரத்துக்கு ஆறு நடை, போக வர. நாப்பது வருஷம். விடுமுறை கழிக்கலை."

மறைப்புக்குப் பின்னால் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் அவரிடம் யாரும் மொத்த எண்ணிக்கையோடு வந்ததில்லை. சைமன் நடந்ததை எல்லாம் விவரமாகச் சொன்னார். பதினேழு பல், பத்துப் பல் எல்லாம் சொன்னார்.

"தெரியாமல் செய்தது பாவம் ஆகாது, சைமன்," என்றார் தந்தை. "மன அமைதிக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். போதும்."

"மொத்தத்துக்கும் ஒண்ணுங்களா, இல்ல நடைக்கு ஒண்ணுங்களா?"

"மொத்தத்துக்கும் ஒன்று."

"அப்ப அந்தப் பொன்னாடை, சாமி? அத நான் போட்டுக்கக் கூடாது. நீங்களே பேர மாத்திடுங்க."

"இங்கே கேட்டதை வைத்து வெளியே நான் ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. உங்களுக்கே தெரியும். இங்கே நீங்கள் சொன்னதை நான் கேட்கவே இல்லை."

கேட்கவே இல்லை என்பதை அவர் முழுமையாகக் கடைப்பிடித்தார். பத்து நிமிஷம் கழித்துக் கோயில் வாசலில் சைமனைப் பார்த்து, சிரித்த முகத்தோடு, "நாளைக்கு வெள்ளை வேட்டியில் வந்துடுங்க சைமன், பொன்னாடை நல்லா எடுப்பா இருக்கும்," என்றார். சைமன் அவரை ஒரு கணம் வெறித்துப் பார்த்துவிட்டு, "சரிங்க சாமி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டி கட்டிக்கொண்டே அவர் அழுதார். ஜெபராணி சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டார்.

"சொல்லாம இருந்துடலாமுங்க," என்றார் மெதுவாக. "யாருக்குத் தெரியப் போகுது. உங்களுக்கு அந்த ஒரு பொன்னாடை வேணுமுங்க. எனக்கு அதைப் பாக்கோணும்னு இருக்குது."

"எனக்குத் தெரியுமே, ஜெபா."

கோயில் வளாகத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. முதலில் சைமனின் அம்பாசடர். அடுத்து மரியஅந்தோணியின் லாரி. கழுவித் துடைத்து, முன்னால் ஆளுயரச் சாமந்தி மாலையோடு, நீண்ட தட்டையான முதுகை கேட் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு வேன்கள், ஆட்டோக்கள், கணக்கில்லாத இருசக்கர வண்டிகள். கடைசியில் ஒரு டிராக்டர். தந்தை கிளமென்ட் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்தார். பிறகு மைக்கில் சைமனின் பெயரைச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

சைமன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இந்த மரியாதைக்கு நான் தகுதியில்லாதவன்," என்றார். "நான் அறுபத்தெட்டுல போனவன். என் மீட்டர் என்னை ஏமாத்திடுச்சு. அதுக்காக நான் யோக்கியன்னு ஆயிட முடியாது. இந்தப் பொன்னாடை மரியஅந்தோணிக்குத்தான் சேரணும்."

இவ்வளவு நேர்மையை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெபராணி பெண்கள் பக்கம் நின்று தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மரியஅந்தோணி நல்ல மனுஷன். கூனிக் குறுகிப் போய்விட்டார்.

"அய்யோ, சைமன் அண்ணன் இருக்கறப்ப நானுங்களா? வேண்டாமுங்க சாமி. நானும் மனுசந்தானுங்க. அவசரத்துக்கு எப்பவாச்சும் மிதிக்கறதுதான்."

"உங்கள் பேரில் வழக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டார் தந்தை.

"இல்லீங்க சாமி. ஒண்ணுகூட வரலைங்க." அதைச் சொல்லும்போது மரியஅந்தோணியின் முகத்தில் லேசான ஆச்சரியம் இருந்தது.

முறைப்படி மூன்று தடவை மறுத்துவிட்டு, நான்காவது தடவை அவர் லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்று தலையைக் குனிந்தார்.

அதைப் பார்க்க சைமனுக்கு மனசு வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். திருநாள் கூட்டத்துக்காக அங்கே போக்குவரத்துக் காவலர் கயல்விழி பணியில் நின்றிருந்தார். ஊரறியச் சொன்ன பிறகு இனிப் போலீஸுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

"அம்மணி, நான் குத்தத்த ஒத்துக்க வந்திருக்கேன்," என்று குறுஞ்செய்தியை எடுத்து நீட்டினார்.

கயல்விழி படித்தார். "இதுலயே லிங்க் இருக்குதுங்களே. போட்டோவப் பாக்கலீங்களா?"

"லிங்க்கத் தொடக் கூடாதுன்னு எங்க பொண்ணு சொல்லியிருக்கு."

"நல்ல பொண்ணுங்க," என்று சொல்லிவிட்டு, கயல்விழி இடுப்பிலிருந்த கருவியை எடுத்து வண்டி எண்ணைப் போட்டார். படம் வந்தது. இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். தலையை நிமிர்த்தி வளாகத்துக்குள் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். உள்ளே மரியஅந்தோணியின் தோளில் பொன்னாடை விழ, கைதட்டல் கோயில் மதிலைத் தாண்டிக் கேட்டது.

"ஏனுங்கய்யா," என்றார் கயல்விழி, "இதுல உங்க கார் ஓடவே இல்லீங்களே, அந்தா பொன்னாடை வாங்கறாரே, அவரு பக்கத்துல மாலையோட நிக்குதே லாரி, அது மேல கயித்துல கட்டி நிக்குது."